இரண்டு பக்கமும் அழிக்கக் கூடாது

கோபிசெட்டிபாளையம்
12-1-2025

மெல்வின் அண்ணாவுக்கு,

ஜோஸ்லின் எழுதுவது. நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். ஜோவிதா அண்ணியிடம் விசாரித்தால் "அவரு டேப்போட இருக்காருங்க" என்கிறார். அதற்கு நலம் என்றுதான் அர்த்தம்.

போன் செய்யாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் உங்களுக்கு முதல் வார்த்தை வர நேரமாகும். அதுவரை காத்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது. போன தடவை அப்படித்தான் பாதியில் வைத்தேன். வாட்ஸ்அப்பில் நான் ஒரு பக்கம் எழுதினால் நீங்கள் ஒரு கட்டைவிரலை அனுப்புகிறீர்கள். காகிதத்தில் எழுதினால் கட்டைவிரல் காட்ட முடியாதல்லவா, அதனால் இது.

அம்மாவுக்குக் குரல்வளையை எடுத்து ஐந்து மாதம் ஆகிறது. புண் ஆறிவிட்டது, சாப்பிடுகிறார். பேச்சு இனி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டு வைத்து எழுதிக் காட்டுகிறார். "உப்பு கம்மி" என்று எழுதுவதற்கு முன்னால் நான் பாத்திரம் கழுவியே முடித்துவிடுகிறேன். நீங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு நாள் வந்தீர்கள். அவரால் பேச முடியாது, நீங்கள் பேச மாட்டீர்கள். பத்து நிமிடம் இரண்டு பேரும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனீர்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். அம்மாவின் குரல் எனக்கு வேண்டும். கல்யாண வீடியோவில்கூட அவர் பேசவில்லை, தட்டைத் தூக்கிக்கொண்டு குறுக்கே போகிறார், அவ்வளவுதான். அவர் குரல் பதிவானது அப்பாவின் குருத்து ஞாயிறு டேப்பில் மட்டும். கோயிலின் நாலு மூலையிலும் மைக் வைத்து அப்பா எடுத்த அந்த நாலு சேனல் டேப். வீட்டில் நாலு மூலையில் நாலு ஸ்பீக்கர் வைத்து, நடுவில் நம்மை உட்கார வைத்துப் போடுவார். "பின்னாடி எடது மூலையில கேளு, உங்கம்மா பாடறா" என்பார். எனக்கு அவர் சொன்னது ஞாபகமிருக்கிறது. பாட்டு ஞாபகமில்லை.

டேப் என் பீரோவில் இருக்கிறது. அதைப் போடுகிற மெஷின் உங்களிடம் இருக்கிறது. அப்பாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், மெஷினையும் நாலு ஸ்பீக்கரையும் வேனில் ஏற்றிக்கொண்டு மதுக்கரைக்குப் போனீர்கள். மூன்று வருஷமாக எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை, மறைக்க விரும்பவில்லை. ஆனால் டேப்புகளை ஏன் விட்டுவிட்டுப் போனீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. பம்பாய், கல்கத்தா என்று ஊர் ஊராகத் தேடி இந்த மாதிரி டேப்புகளை வாங்கிச் சேர்க்கிறவருக்கு, பெற்ற அப்பா எடுத்தது வேண்டாமா?

பதில் எழுதுங்கள்.

ஜோஸ்லின்


மதுக்கரை
23-1-2025

அன்புள்ள ஜோஸ்லின்,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் உடல்நிலை பற்றித் தெரிந்துகொண்டேன்.

டேப் விஷயம். நாற்பத்து மூன்று வருடத்து டேப்பை எடுத்தவுடன் ஓட்டக் கூடாது. உன் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால், சுற்றிலும் வாழைத்தோட்டம். அந்த ஈரத்துக்குப் பூசணம் பிடித்திருக்கும். டேப்பின் விளிம்பில் வெள்ளையாகப் பொடி தெரிந்தால் அதுதான். ஊதாதே, மூக்குக்கும் ஆகாது, டேப்புக்கும் ஆகாது. இங்கே எனக்கு ஈரம் கிடையாது, ஆனால் பக்கத்து ஆலையின் சிமெண்ட் தூசு. டேப் அறையின் ஜன்னல்களை ரப்பர் வைத்து அடைத்திருக்கிறேன். தொண்ணூற்றொரு டேப் இருக்கிறது. எல்லாம் நாலு சேனல். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொன்றையும் மெதுவாக ஒரு முறை சுற்றி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு சுற்றின் சத்தம் அடுத்த சுற்றில் லேசாக ஒட்டிக்கொள்ளும். பாட்டு தொடங்குவதற்கு முன்பே அதன் நிழல் கேட்கும்.

மெஷினில் இப்போது பெல்ட் தளர்ந்திருக்கிறது. மாற்று பெல்ட் சொல்லியிருக்கிறேன். வர நாளாகும்.

உனக்கு அவசரம் இருக்கலாம். ஆனால் இதில் அவசரப்பட்டால் உள்ளதும் போகும். தவிர, பழைய டேப்பில் நாம் நினைப்பதெல்லாம் இருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது.

பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் எழுது. டேப்பை எடுக்க வேண்டாம்.

மெல்வின்


கோபி
1-2-2025

அண்ணா,

ஒரு மனுஷர் அம்மாவைப் பற்றி ஒரு வரியும் பூசணத்தைப் பற்றி ஒன்பது வரியும் எழுத முடியும் என்று உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். உங்கள் மச்சான் ஆரோன் படித்துவிட்டு, "உங்கண்ணன் டாக்டருக்குப் படிச்சிருக்கோணும், டேப்புக்கு" என்றார்.

பெட்டியைப் பார்த்தேன். மேலே அப்பாவின் கையெழுத்தில் நீல மையில் இப்படி இருக்கிறது: "கோபி. குருத்து ஞாயிறு. 4-4-82. நாலு சேனல்." அதற்குக் கீழே சிவப்பு மையில், அழுத்தி, "இரண்டு பக்கமும் அழிக்கக் கூடாது. 20-6-88." அடியில் இரண்டு கோடு.

சிவப்பு மை எதற்கு என்று எனக்குத் தெரியும். அப்போது எனக்கு ஒன்பது வயசு, உங்களுக்குப் பதினாலு. ரிப்பேருக்குப் போயிருந்த மெஷின் திரும்பி வந்தது என்று அப்பா ஆசையாக அந்த டேப்பைப் போட்டார். கொஞ்ச நேரம் நன்றாக இருந்து, அப்புறம் பின்னால் இருந்த இரண்டு ஸ்பீக்கரிலும் கொழகொழவென்று என்னமோ கேட்டது. அப்பா மெஷினை நிறுத்தினார். அம்மாதான் முந்திக்கொண்டு, "நாந்தானுங்க. தூசு தொடைக்கறப்ப என்னத்தையோ அமுக்கிப்போட்டனுங்க" என்றார். அதற்கப்புறம் அப்பா ஒரு வாரம் வீட்டில் வாயே திறக்கவில்லை. அவர் மறுபடி மைக்கைத் தூக்கிக்கொண்டு எந்தக் கோயிலுக்கும் போகவும் இல்லை.

அம்மா தெரியாத்தனமாகத் தன் குரலைத் தானே அழித்துவிட்டார். ஆனால் முழுக்க அழிந்திருக்காது இல்லையா? தூசு துடைக்கிற நேரத்தில் எவ்வளவு போயிருக்கும்? ஐந்து நிமிடம்? பத்து நிமிடம்? மிச்சம் இருக்குமே. அதைத்தான் கேட்கிறேன்.

அம்மாவிடம் சொன்னேன், அண்ணனிடம் டேப்பை அனுப்பப் போகிறேன் என்று. நோட்டில் "விடு" என்று எழுதினார். மறுபடி கேட்டேன். மறுபடி "விடு". ஐந்து மாதத்தில் ஒரே சொல்லை இரண்டு தடவை எழுதியது இதற்குத்தான்.

உங்கள் பெல்ட் வராவிட்டால் பரவாயில்லை. காந்திபுரத்தில் உங்கள் கடைக்கு நாலு கடை தள்ளி சாஜித் என்று ஒருவர் பழைய டேப்பையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறாராம். அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

ஜோஸ்லின்


மதுக்கரை
6-2-2025

ஜோஸ்லின்,

சாஜித் நல்ல மனிதர். ஆனால் அவரிடம் இருப்பது சாதாரண ஸ்டீரியோ மெஷின். அதில் முன் இரண்டு சேனல் மட்டும் கேட்கும். பின்னால் இருப்பது கேட்காது. அவரிடம் கொடுக்க வேண்டாம்.

எனக்கு அனுப்பு. டேப்பைச் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, பெட்டியோடு ஒரு எவர்சில்வர் டப்பாவில் வை. டப்பா ஆடாமல் இருக்கத் துணி அடை, தெர்மாகோல் வேண்டாம். பஸ் பார்சலில் போட்டால் டிரைவருக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் இருக்கும், அதன் காந்தத்துக்குக் கிட்டே வைத்துவிடுவார்கள். கூரியரில் அனுப்பு.

அப்பா சிவப்பு மையில் எழுதியது தவறு. நாலு சேனல் டேப்புக்கு இரண்டு பக்கம் கிடையாது. ஒரே பக்கம்தான். அவருக்கு அது தெரியாமல் இருக்காது. கோபத்தில் எழுதியிருப்பார்.

பெல்ட் வந்துவிட்டது.

மெல்வின்


கோபி
15-2-2025

அண்ணா,

சொன்னபடியே கட்டி அனுப்பியிருக்கிறேன். அம்மாவின் பழைய முறுக்கு டப்பா. டப்பா திரும்ப வர வேண்டும்.

மூடுவதற்கு முன்னால் அம்மா பக்கத்தில் வந்து நின்று பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டார். நோட்டை எடுத்து என்னமோ எழுதப் போனார், அப்புறம் மூடிவிட்டார்.

ஜோஸ்லின்


கோபி
14-3-2025

மெல்வின் அண்ணாவுக்கு,

நாலு வாரம் ஆகிறது. கூரியர் ஆபீஸில் விசாரித்தேன், பதினேழாம் தேதியே நீங்கள் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறீர்கள். அண்ணிக்குப் போன் செய்தால், "அறையில உக்காந்து ஒரே டேப்பவே போடறாருங்க, கதவைத் தட்டுனா நிறுத்திப்போடறாரு" என்கிறார். ஆக, மெஷின் ஓடுகிறது. டேப்பும் ஓடுகிறது. அம்மாவின் குரலை நீங்கள் தனியாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நான் இங்கே தபால்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இது நியாயமில்லை. மெஷினை எடுத்துக்கொண்டபோது நான் சண்டை போட்டேன், ஆனால் மனசுக்குள் விட்டுவிட்டேன், உங்களுக்குத்தான் அந்த அருமை தெரியும் என்று. இதை விட மாட்டேன். அவர் எனக்கும்தான் அம்மா. தினம் ராகி கரைத்துக் குழாயில் ஊற்றிப் பழக்கியவள் நான். அவர் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்பது எனக்கே கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வருகிறது. பயமாக இருக்கிறது, அண்ணா.

இந்த வாரத்துக்குள் பதில் வராவிட்டால் நானே பஸ் ஏறி வருவேன்.

ஜோஸ்லின்


மதுக்கரை
20-3-2025

அன்புள்ள ஜோஸ்லின்,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது.

அம்மா அழிக்கவில்லை. நான் அழித்தேன்.

1988 மே மாதம். அப்பாவின் மெஷின் ஹெட் மாற்ற பெங்களூர் போயிருந்தது. அதுவரைக்கும் என்று அப்பாவின் நண்பர் ஒரு ஸ்டீரியோ மெஷின் கொடுத்திருந்தார். பள்ளிக்கூடம் லீவு. நீயும் அம்மாவும் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தீர்கள். எனக்கு ஒரு காலி டேப் வேண்டியிருந்தது. வீட்டில் மற்ற டேப் எல்லாவற்றிலும் அப்பா இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகக் குறிப்பு எழுதியிருப்பார். இந்தப் பெட்டியில் ஒரே குறிப்புதான். சரி, இரண்டாவது பக்கம் காலி என்று திருப்பிப் போட்டேன். போட்டுக் கேட்டபோது கொழகொழவென்று புரியாத சத்தம் வந்தது. கெட்டுப்போன பக்கம் என்று முடிவு செய்து, அதன் மேல் பதிந்தேன்.

நாலு சேனல் டேப்பில் நாலு தடமும் ஒரே திசையில் ஓடும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. சாதாரண மெஷினில் அதைத் திருப்பிப் போட்டால் பின் மூலைகளின் தடம் மட்டும் தலைகீழாகக் கேட்கும். நான் கெட்டுப்போன சத்தம் என்று நினைத்தது அம்மா பாடியதுதான். கடைசியிலிருந்து முதலுக்கு ஓடியதால் தெரியவில்லை. இந்த மெஷின் இருக்கிற வீட்டில் வளர்ந்தவன் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. மற்றவர்களுக்கு இப்படி ஒரு டேப்பே கிடைத்திருக்காது.

என்ன பதிந்தேன் என்றும் சொல்ல வேண்டும். ரேடியோ அறிவிப்பாளர் மாதிரி பேசினேன். "நேயர்களே" என்று தொடங்கி பவானிசாகர் அணையின் நீர்மட்டம், மஞ்சள் விலை, வாழைக்குப் போட வேண்டிய உரம், அடுத்து வரும் பாடல், காணாமல் போன ஒரு எருமை. நாற்பது நிமிடம். இந்த மாதம்தான் முதல் தடவையாகத் திருப்பிப் போட்டுக் கேட்டேன். அதில் எனக்குத் திக்கவில்லை. அது வேறு விஷயம்.

ஜூன் மாதம் மெஷின் வந்து அப்பா போட்டபோது நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். சொல்ல வாய் எடுத்தேன். 'நா' என்பதற்கு மேல் வரவில்லை. அதற்குள் அம்மா சொல்லிவிட்டார். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். அப்பா ஒரு வாரம் பேசாமல் இருந்தார் என்று நீ எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வாரம் எனக்கு இன்னும் முடியவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு அப்பா இரண்டு புது டேப் வாங்கி வந்து மெஷின் மேல் வைத்தார். அழிக்கிறதாயிருந்தால் இதை அழி என்று எனக்குச் சொல்லாமல் சொல்கிறார் என்று புரிந்துகொண்டேன். அவருக்குத் தெரிந்துவிட்டது, அம்மா பொய் சொன்னதும் தெரிந்துவிட்டது, இருவர் மேலும் கோபம் என்று. நான் அந்த டேப்புகளைத் தொடவே இல்லை. மெஷினையும் அவர் இருக்கும்வரை தொடவில்லை.

மெஷினை ஏன் எடுத்தேன், டேப்புகளை ஏன் விட்டேன் என்று கேட்டிருந்தாய். பதில் இதுதான். உலகத்தில் எத்தனையோ பேர் தூக்கிப் போட இருந்த நாலு சேனல் டேப்புகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறேன். ஒன்றும் ஈடாகவில்லை.

இனி நல்ல செய்தி. நான் பதிந்தது டேப்பின் கடைசியிலிருந்து. ஆகையால் ஆரம்பத்தில் நாலு நிமிடம் பத்து விநாடி மிஞ்சியிருக்கிறது. கம்ப்யூட்டரில் ஏற்றி இத்துடன் பென்டிரைவில் வைத்திருக்கிறேன். என் குரல் இல்லை, அதை ஏற்றவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு கேள். முதலில் பின் மூலைகளில் செருப்பைக் கழற்றும் சத்தம். அப்புறம் குருத்தோலைகள். பவனி கோயிலுக்குள் நுழைவது பின்னாலிருந்து முன்னால் நகர்ந்து போகும். ஒன்றரை நிமிடத்தில் முன்னால் பாடகர் குழு ஆரம்பிக்கும். அப்போது பின் இடது மூலையில் ஒரு பெண் சேர்ந்து பாடுவாள், பாட்டில் குழுவைவிட அரை அடி முந்தி, யாருக்கும் காத்திருக்காமல். அதுதான் அம்மா. ஒரு அடி முழுதாகப் பாடுகிறார். இரண்டாவது அடியில் நிறுத்திவிட்டு, "அம்மணி, ஓலையைக் கடிக்காத. கண்ணு, அண்ணங்கிட்டக் குடு" என்கிறார். அம்மணி நீதான். மூன்று வயசு. நீ கொடுக்கவில்லை, அழுகிறாய். மிச்சம் முழுக்க உன் அழுகையும் அம்மா உன்னைச் சமாதானப்படுத்துவதும்தான். நடுவில் ஒரு தடவை "ஜோஸு" என்கிறார்.

அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லிவிடு. மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அவர் மேல் இருந்த பழியை எடுத்துவிட்டேன் என்று மட்டும் சொல்.

மெல்வின்


கோபி
30-3-2025

அண்ணா,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். கையில் கிடைத்த கரண்டியைத் தொட்டியில் எறிந்தேன். உங்கள் மேல் பாதி, என் மேல் பாதி. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு சண்டையில் அம்மாவிடம் நான் சொன்னேன், "உங்க கொரலையே அழிச்சுப்போட்டவங்க, எங்க சாமானத்தப் பத்திரமா வெப்பீங்களாக்கும்" என்று. அப்போதும் அம்மா வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அவருக்குக் குரல் இருந்தது.

சாயங்காலம் ஹாலில் லேப்டாப்பை வைத்து, ஆரோன் எங்கிருந்தோ இரண்டு ஸ்பீக்கர் வாங்கி வந்து, நாங்கள் மூன்று பேரும் கேட்டோம். "ஜோஸு" வந்த இடத்தில் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். மூன்று வயசில் ஓலையைக் கொடுத்திருந்தால் இன்னும் இரண்டு அடி பாடியிருப்பார். உங்களைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

அம்மா அசையாமல் கேட்டார். முடிந்ததும் லேப்டாப்பைக் காட்டி விரலை இப்படியும் அப்படியும் திருப்பினார். மறுபடி போடச் சொல்கிறார் என்று போட்டேன். தலையை ஆட்டினார். நோட்டில் எழுதினார்: "இன்னொரு பக்கம் எங்க?"

இன்னொரு பக்கமே கிடையாதும்மா, அது நாலு சேனல் டேப் என்று உங்கள் பாடத்தை நானும் ஒப்பித்தேன். அப்புறம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், ஒரு வரி விடாமல். இரண்டு புது டேப் வாங்கி வைத்த இடம் வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினார். நோட்டை வாங்கி எழுத ஆரம்பித்தார். மூன்று பக்கம். அவர் எழுதியதை அப்படியே பார்த்து எழுதுகிறேன், ஒரு எழுத்துகூட என்னுடையது இல்லை.

"மெல்வினு செஞ்சதுன்னு அவருக்கு அன்னைக்கே தெரியும். நீங்க ரெண்டு பேரும் பள்ளிக்கொடம் போனதுக்கப்பறம் டேப்பத் திருப்பிப் போட்டுக் கேட்டாரு. மொதல்ல அவருக்கு முகமெல்லாம் செவந்து போச்சு. கேக்கக் கேக்க உக்காந்துட்டாரு. என்னையக் கூப்பிட்டு உக்கார வெச்சாரு. அணை தண்ணி எத்தன அடி, எருமைக்கு எந்தக் கொம்பு வளைஞ்சிருக்குதுன்னு கடகடன்னு சொல்லறான். ஒரு எடத்துலகூட நிக்கல. நாப்பது நிமிசம், இருதயா, ஒரு எடத்துலகூட நிக்கலன்னு எம் பேரச் சொல்லிச் சொன்னாரு. அழுதாரு. நானும் அழுதேன். எம் பாட்டுப் போனா போகட்டும், அதைய யாரு கேட்டாங்க. இத அழிச்சராதீங்கன்னு நாந்தான் சொன்னேன். செவப்பு மையில அப்பத்தான் எழுதுனாரு.

பேசுனா வாய் தவறி அவங்கிட்டச் சொல்லிப்போடுவம்னுதான் ஒரு வாரம் பேசாம இருந்தாரு. கேட்டமுன்னு தெரிஞ்சா பையன் கூச்சப்பட்டு மறுக்காப் பேசமாட்டான்னு பயம். அதனால புது டேப்பு வாங்கி வெச்சாரு. இதுலயும் பேசட்டும்னு. தெனமும் வேலையில இருந்து வந்ததும் டேப்பு எடம் மாறியிருக்குதான்னு பாப்பாரு. அவன் தொடவேயில்ல. நானும் அவன்கிட்டச் சொல்லல. அவரும் சொல்லல. நாங்க செஞ்ச தப்பு அது."

அடியில் கொஞ்சம் இடம் விட்டு, "எனக்கு அந்தப் பக்கந்தான் வேணும்" என்று எழுதியிருக்கிறார்.

அப்பா கோபத்தில் தவறாக எழுதினார் என்றீர்கள். அவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். அந்த டேப்புக்கு இரண்டு பக்கம் உண்டு.

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. தினம் ஒரு தடவை "ஜோஸு" கேட்கிறேன். அம்மாவுக்கு வேண்டியதை நீங்கள்தான் தர வேண்டும்.

ஜோஸ்லின்


மதுக்கரை
8-4-2025

அன்புள்ள அம்மணி,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். ஜோவிதா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டாள். மத்தியானம் வரை திறக்கவில்லை.

13-ஆம் தேதி குருத்து ஞாயிறு. காலைப் பூசைக்கு அங்கே வந்துவிடுகிறேன். மெஷினும் நாலு ஸ்பீக்கரும் வேனில் வரும். இனி அது அங்கேயே இருக்கட்டும். பூசணத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று நேரில் காட்டுகிறேன். அம்மாவின் நாற்காலியை ஹாலின் நடுவில் போட்டு வை, சுவரிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே தூரம் இருக்க வேண்டும். ஆரோனை அளந்து பார்க்கச் சொல். பழைய டேப்பைப் பின்பக்கம் திருப்பி நானே போட்டுக் காட்டுகிறேன். எருமை வருகிற இடம் முப்பத்திரண்டாவது நிமிடம்.

முறுக்கு டப்பாவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அதற்குள் வேறொரு டேப் இருக்கிறது. அப்பா மெஷின் மேல் வைத்த இரண்டில் ஒன்று. இரண்டையும் அப்பாவே மெஷினின் பெட்டியில், பின்பக்க உறைக்குள் எடுத்து வைத்திருக்கிறார். இத்தனை வருடத்தில் நான் அந்த உறையைத் திறந்ததில்லை. சுற்றியிருந்த தாள்கூடப் பிரிக்கவில்லை. டேப் கெடவில்லை. அப்பா நல்ல சரக்காகத்தான் வாங்கியிருக்கிறார்.

நேற்று அதில் பேசினேன். அணையின் நீர்மட்டம் பேப்பரில் பார்த்துச் சொன்னேன். மஞ்சள் விலை சொன்னேன். அப்புறம் அம்மாவிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நானே ஞாயிற்றுக்கிழமை கையில் கொண்டு வரலாம்தான். ஆனால் அதுவரை என்னிடம் இருந்தால் அழித்துவிடுவேன். அதனால் முன்னாலேயே அனுப்புகிறேன். அம்மாவிடமே கொடுத்து வை.

பெட்டியின் மேல் சிவப்பு மையில் எழுத இடம் விட்டிருக்கிறேன். அம்மா எழுதட்டும்.

போடும்போது ஒன்றை மட்டும் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. பல இடங்களில் பேச்சே இல்லாமல் டேப் மட்டும் ஓடும். சில இடத்தில் ஒரு நிமிடம்கூட ஆகும். மெஷினைத் தட்ட வேண்டாம், முன்னால் ஓட்டவும் வேண்டாம். அங்கேயும் நான்தான் இருக்கிறேன்.

மெல்வின்